ஃபோட்டோ பிரிண்ட் விற்பனை: விலை வைப்பது முதல் பார்சல் கட்டுவது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். அதோடு காவிரி, கொள்ளிடக் கரைகளில் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு விற்கிறேன். புதிதாக இதில் இறங்கும் தம்பி, தங்கைகள் போன் பண்ணிக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன். இதில் வரும் ரூபாய்க் கணக்கு என்னுடையது, உங்கள் ஊருக்கும் உங்கள் லேபுக்கும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

லேபில் 12×18 பிரிண்ட் நூறு ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கிறதே, நான் எப்படி ஆயிரக்கணக்கில் கேட்பது?

லேப் வாங்குவது அச்சுக்கூலி. நீங்கள் விற்பது படம். இந்த இரண்டையும் உங்கள் மனதில் பிரித்து வைக்காதவரை வாங்க வருபவருக்கும் பிரித்துச் சொல்ல வராது.

கொள்ளிடத்தில் நாணல் பூத்துக் கிடக்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. மூன்று வருடம் புரட்டாசியில் காலை நாலரைக்கு வண்டியை எடுத்துப் போயிருக்கிறேன், ஒரு வருடம் தண்ணீர் அதிகம், ஒரு வருடம் மேகம் கலையவே இல்லை, மூன்றாவது வருடம்தான் பூவின் மேல் வெயில் விழுந்த அந்தப் பத்து நிமிடம் கிடைத்தது. கஷ்டப்பட்டேன் என்பதற்காக யாரும் பணம் தரப்போவதில்லை, படம் பிடித்தால்தான் தருவார்கள், அது நியாயம்தான். ஆனால் அந்த அலைச்சலுக்கான பெட்ரோலும் நேரமும் விலைக்குள் வராவிட்டால் நாலாவது வருடம் நீங்கள் போகமாட்டீர்கள். அடுத்த படம் வராது.

சரி, கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு 12×18 அங்குலப் பிரிண்டை எடுத்துக்கொள்வோம். பருத்தித் தாளில் பிக்மென்ட் மை (சீக்கிரம் வெளுக்காத துகள் மை) கொண்டு அடிக்க நான் போகும் இடத்தில் சதுர அங்குலத்துக்கு 4 ரூபாய். 216 சதுர அங்குலம், ஆக 864. பத்துக்கு ஒன்று எப்படியும் கெட்டுப்போகும், மூலை மடியும், விரல் ரேகை விழும், அதற்கு 90. சோதனைத் துண்டு அடிக்க 200. குழாய், பட்டர் பேப்பர், கூரியர் எல்லாம் சேர்த்து 250. கையெழுத்துப் போட்ட சான்றுத் தாள், உறை 50. மொத்தம் 1,454. பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிட்டு "இரண்டாயிரத்துக்கு விற்றால் ஐநூறு லாபம்" என்று சந்தோஷப்படுகிறார்கள். தப்பு அங்கேதான் நடக்கிறது.

கல்யாண வேலையைத் தள்ளிவிட்டு, இந்தப் படங்களுக்காக மட்டும் வருடத்துக்கு என்ன செலவாகிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். கேமரா, லென்ஸ் தேய்மானம், பயணம், ஹார்ட் டிஸ்க், சாஃப்ட்வேர், இன்சூரன்ஸ். எனக்கு அது 1,80,000 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 120 பிரிண்ட் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 1,500 ஏறுகிறது. அப்புறம் உங்கள் நேரம். ஆர்டர் பேசுவது, கோப்பைச் சரிபார்ப்பது, லேபுக்குப் போய் வருவது, கையெழுத்து, பேக்கிங் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம், மணிக்கு 400 என்று போட்டால் 1,200. இப்போது அடக்கவிலை 4,154. இதன் மேல் 30 சதவீதம் லாபம் வைத்தால் 5,400.

120 என்ற எண்ணைப் போடும்போது ஆசையை உள்ளே விடாதீர்கள். போன வருடம் 30 விற்றிருந்தால் 30 என்றே போடுங்கள். அப்போது வரும் தொகையைப் பார்த்துக் கொஞ்சம் பயம் வரும், வரட்டும். ஒன்று விலையை ஏற்ற வேண்டும், இல்லை செலவைக் குறைக்க வேண்டும், இல்லை கல்யாண வருமானத்திலிருந்து இவ்வளவு இதற்குப் போகிறது என்று தெரிந்தே கொடுக்க வேண்டும். மூன்றில் எதைச் செய்தாலும் சரி, தெரிந்து செய்யுங்கள்.

அப்படியானால் 5,400 என்று விலை எழுதிவிடலாமா?

நேரடியாக மட்டும் விற்பதாக இருந்தால் எழுதலாம். ஆனால் என்றாவது ஒரு நாள் கேலரியிலோ, கைவினைப் பொருள் கடையிலோ, ஹோட்டல் வரவேற்பறையிலோ வைத்து விற்கப் போகிறீர்கள் என்றால் அவர்களுக்கு 40 சதவீதம், சில இடங்களில் 50 சதவீதம் போகும். 40 என்றே வைத்தாலும் உங்கள் கைக்கு 5,400 வர வேண்டுமானால் அங்கே விலை 9,000 ஆக இருக்க வேண்டும்.

இப்போது பலர் செய்வது, கேலரியில் 9,000, வீட்டுக்கு வந்தால் 5,400. வேண்டாம். கேலரியில் பார்த்தவர் உங்கள் பெயரைத் தேடி வந்து குறைந்த விலைக்கு வாங்கிப் போனார் என்பது ஒரு தடவை தெரிந்தால் போதும், அந்தக் கேலரிக்காரர் உங்களை மறுபடி கூப்பிடமாட்டார், அவர் செய்வது சரிதான். சுவர், வாடகை, விளக்கு, வந்தவரிடம் நின்று பேசும் ஆள் எல்லாம் அவருடையது. எங்கே விற்றாலும் ஒரே விலை, 9,000. நேரில் விற்கும்போது கூடுதலாக நிற்கும் பணம் நீங்கள் விற்பனையாளர் வேலையும் பார்த்ததற்கான கூலி.

ஒன்பதாயிரம் கொடுத்து எங்கள் ஊரில் யார் வாங்குவார்கள்?

எல்லோரும் வாங்கமாட்டார்கள். அதனால்தான் இரண்டு அடுக்காக வைத்திருக்கிறேன். பத்துப் பிரதியில் இது இத்தனையாவது என்று எண்ணிட்டு, கையெழுத்திட்டு, பருத்தித் தாளில் கொடுப்பது ஒன்று. 8×12 அளவில் சாதாரண லஸ்டர் (அரைப் பளபளப்பு) தாளில், எண் இல்லாமல் 1,500 ரூபாய்க்குக் கொடுப்பது இன்னொன்று. இதற்குத் தாள் செலவும் குறைவு, என் நேரமும் குறைவு, மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக அடித்து வைத்துக்கொள்வேன்.

ஒரே படத்தை இரண்டு அடுக்கிலும் விற்காதீர்கள். 9,000 கொடுத்தவர் வீட்டில் மாட்டிய படம் பக்கத்து வீட்டில் 1,500-க்குத் தொங்கினால், அளவு வேறு தாள் வேறு என்று நீங்கள் சொல்லும் விளக்கம் எதுவும் அவர் காதில் ஏறாது.

பெரிய அளவுக்கு விலையை எப்படி ஏற்றுவது?

சதுர அங்குலத்தோடு பெருக்காதீர்கள். 24×36 என்பது 12×18-ஐப் போல நான்கு மடங்கு பரப்பு, ஆனால் உங்கள் நேரமும் வருடச் செலவும் நான்கு மடங்காகவில்லை. தாள், மை, பேக்கிங் மட்டும்தான் கூடுகிறது, கூடவே கெட்டால் வரும் நஷ்டமும். நான் ஒவ்வொரு அளவுக்கும் மேலே சொன்ன கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்ப்பேன். மூன்று அளவுக்கு மேல் பட்டியலில் வைக்காதீர்கள். ஏழு அளவு, நாலு தாள், மூன்று ஃப்ரேம் என்று கொடுத்தால் வாங்க வந்தவர் "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போய்விடுவார்.

என் கேமரா படம் எவ்வளவு பெரிதாக அடிக்கத் தாங்கும்?

24 மெகாபிக்சல் படம் 6000×4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வகுத்தால் 20×13 அங்குலம் தாராளமாக வரும். 24×36-க்குப் போனால் அங்குலத்துக்கு 167 பிக்சல்தான் நிற்கும், ஆனால் அந்த அளவுப் படத்தை ஐந்தாறு அடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள், கண்ணுக்குக் குறை தெரியாது. கை ஆட்டமும் ஃபோகஸ் தவறியதும்தான் பெரிதாக்கும்போது காட்டிக்கொடுக்கும். எந்தப் பெரிய ஆர்டருக்கும் முன்னால் முக்கியமான பகுதியை மட்டும் வெட்டி, அதே பெருக்கத்தில் ஒரு 8×12 துண்டு அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று, நம் கேமராக்களில் பெரும்பாலும் 3:2 விகிதம். 8×12, 12×18, 16×24, 24×36 எல்லாம் அப்படியே பொருந்தும். ரெடிமேட் ஃப்ரேமில் அதிகம் கிடைக்கும் 8×10-க்குப் போனால் நீள வாக்கில் இரண்டு அங்குலம் வெட்டுப்படும். கான்வாஸில் கட்டையைச் சுற்றி மடிப்பதற்கே நான்கு பக்கமும் ஒன்றரை, இரண்டு அங்குலம் போய்விடும். விளிம்பில் படகோ முகமோ இருந்தால் அதை முன்கூட்டியே வாங்குபவரிடம் காட்டிவிடுங்கள்.

ஸ்கிரீனில் பளிச்சென்று இருக்கிறது, பிரிண்ட் இருட்டாக வருகிறது. லேப் மேல் தப்பா?

பெரும்பாலும் உங்கள் மானிட்டர் மேல்தான். கடையிலிருந்து வந்தபடியே முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்கிறோம், தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெளிச்சத்தை 100 கேண்டெலா (திரை வெளிச்சத்தின் அளவு) பக்கம் இறக்குங்கள், முடிந்தால் மானிட்டரின் நிறத்தைச் சரிசெய்யும் கேலிப்ரேட்டர் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள், நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கினாலும் போதும். லேபிடம் அவர்களுடைய தாளுக்கான ஐசிசி ப்ரொஃபைல் (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) கேளுங்கள். சாதாரண கலர் லேபுக்குப் படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் கொடுங்கள், அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு அமைப்பில் கொடுத்தால் பல இடங்களில் நிறம் செத்துப்போய் வரும்.

ஒரு படித்துறைப் படம், கல்லில் ஈரம் மின்னும், பின்னால் நிழலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். ஸ்கிரீனில் அவர் சேலையின் பச்சை தெரிந்தது. முதல் பிரிண்டில் பாட்டியே இல்லை, கறுப்புதான். லேபில் டியூப்லைட் அடியில் வைத்துப் பார்த்து "கறுப்பா இருக்கே" என்றேன், அந்த அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பிரிண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார், பகல் வெளிச்சத்தில் சேலை லேசாகத் தெரிந்தது. அன்றைக்குக் கற்றுக்கொண்டது: படம் தொங்கப்போகும் வெளிச்சத்தைக் கேட்டுவிட்டுத்தான் நிழலைத் திறக்க (இருட்டுப் பகுதியை எடிட்டில் வெளிச்சமாக்க) வேண்டும். ஹாலில் மஞ்சள் எல்இடி என்றால் ஒரு மாதிரி, ஜன்னல் பக்கம் என்றால் வேறு மாதிரி.

எந்தத் தாள்?

கலர் லேபில் கிடைக்கும் சில்வர் ஹாலைட் தாளும் (மை இல்லாமல், ஒளியும் ரசாயனமும் கொண்டு படம் வரும் தாள்) நல்ல தாள்தான், கல்யாண ஆல்பம் எல்லாம் அதில்தான் போகிறது, கேவலமாக நினைக்க ஒன்றுமில்லை. விலை கூடிய பிரிண்டுக்கு நூறு சதவீதப் பருத்தித் தாளும் பிக்மென்ட் மையும் போடுகிறேன். ஜெர்மனியின் ஹானமூலே நிறுவனத்தின் ஃபோட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம்) பலருக்கும் தெரிந்த பெயர். கையில் எடுத்தாலே கனம் தெரியும், பளபளப்பு இல்லாததால் எதிர் ஜன்னல் அதில் தெரியாது. ஆனால் கறுப்பு கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், கன்னங்கரேல் என்று வேண்டுமானால் லேசாகப் பளபளக்கும் பரைட்டா வகைத் தாளுக்குப் போங்கள்.

டை மையில் (கரைந்த சாய மையில்) அடித்ததைப் பிக்மென்ட் என்று சொல்லி விற்காதீர்கள். டை மை வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். எதில் அடித்தது என்று லேபில் கேட்டு, அதையே சான்றுத் தாளில் எழுதுங்கள்.

லிமிடெட் எடிஷன் போட்டால்தான் விலை கிடைக்குமா? எத்தனை பிரதி?

எண் போடுவதே விலையைத் தூக்கிவிடாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் எடுத்த நிலவு உதயப் படத்தை வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் போட்டார். அப்படியும் 2006-இல் ஒரு பிரதி ஏலத்தில் ஆறு லட்சம் டாலருக்கு மேல் போனது. இன்னொரு பக்கம் ஜெர்மன் புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் ரைன் நதிப் படம் ஆறே பிரதிதான், 2011-இல் ஒன்று 43 லட்சம் டாலரைத் தாண்டியது. இரண்டு பேருக்குமே விலை வந்தது படத்தாலும் அவர்கள் வேலை மேல் இருந்த மதிப்பாலும்தான்.

எடிஷன் என்பது வாங்குபவருக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு. 10 என்று எழுதினால் 10-தான். பதினோராவதாக மந்திரியே வந்து கேட்டாலும் கிடையாது. அந்த வாக்கைத் தெளிவாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எக்கில்ஸ்டன் வழக்கைப் பாருங்கள். பழைய எண்ணிட்ட படங்களில் சிலவற்றையே பெரிய அளவில், இங்க்ஜெட்டில் புதிதாக அடித்து 2012-இல் ஏலத்துக்கு விட்டார். பழைய பிரதிகளை வாங்கி வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் என் படத்தின் மதிப்பு போய்விட்டது என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டார். 2013-இல் வழக்குத் தள்ளுபடியானது, எக்கில்ஸ்டன் பக்கம்தான் தீர்ப்பு. இருந்தாலும் வாங்கியவர் மனதில் பட்டது என்னவோ பட்டதுதான். அதனால் நான் சான்றுத் தாளில் "எல்லா அளவும், எல்லாத் தாளும் சேர்த்து மொத்தம் 10, இதற்கு மேல் என் கைக்கு 2" என்று எழுதிவிடுகிறேன். யாருக்கு எந்த எண் போனது என்று ஒரு கட்டு நோட்டு இருக்கிறது, அதைக் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காதீர்கள்.

கையெழுத்தைப் பருத்தித் தாளில் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் போடலாம். பளபளப்புத் தாளில் பென்சில் பிடிக்காது, பால்பாயின்ட் பேனா படத்தின் முகப்பில் பள்ளம் விழ வைக்கும், பின்பக்கம் அழியாத மை பேனாவால் போடுங்கள்.

"கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க தம்பி" என்று கேட்டால்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நான் இடறினேன். ஆரம்பத்தில் ஒரு கண்காட்சியில் லால்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் படித்துறைப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தில் மூன்றாவது படியைத் தொடாமல் விரலால் காட்டி, "இந்தக் கல்லு ஒடைஞ்சது நான் படிக்கிற காலத்துல" என்றார். விலை கேட்டார். 6,000 என்றேன். அவர் பேசவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நானாகவே "நாலாயிரம் குடுங்கய்யா" என்றேன். அவர் பேரமே பேசவில்லை, யோசித்துக்கொண்டுதான் இருந்தார். பணத்தைக் கொடுத்து வாங்கிப் போனார்.

மூன்று மாதம் கழித்து அவர் மைத்துனர் அதே படம் கேட்டு வந்தார், விலை 4,000 என்று முடிவு பண்ணிக்கொண்டே வந்தார். இடையில் இன்னொருவர் 6,000 கொடுத்து வாங்கியிருந்தார், அவரும் அதே ஊர். மூன்று பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, ஒருவருக்கும் ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. 6,000 கொடுத்தவருக்கு 2,000-ஐத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் யோசிக்கட்டும். விலைப்பட்டியலை அச்சடித்து மேசையில் வையுங்கள், அச்சில் இருக்கும் விலையை யாரும் அவ்வளவு சுலபமாகக் குறைக்கச் சொல்வதில்லை. பேரம் நம் ஊர்ப் பழக்கம், கேட்பவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. "விலை எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. வேணும்னா ரெண்டு தவணையா குடுங்க" என்பேன். இல்லையென்றால் சின்ன அடுக்கில் வேறு படம் காட்டுவேன். விலை குறையாது, வாங்கும் வழி ஒன்று திறந்திருக்கும். சொந்தக்காரருக்கும் நண்பருக்கும் தள்ளுபடி கிடையாது. அன்பளிப்பு உண்டு, அதை முழுசாகக் கொடுப்பேன்.

ஃப்ரேம் போட்டே விற்கலாமா?

உள்ளூரில் விற்பதென்றால் போடலாம், ஃப்ரேம் போட்டது சீக்கிரம் நகரும், வாங்கிய அன்றே சுவரில் ஏறிவிடும். வெளியூருக்கு ஃப்ரேம் இல்லாமல் கொடுப்பதே நல்லது. எப்படியானாலும் பிரிண்டும் கண்ணாடியும் ஒட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. சென்னையில் கடற்கரையோர வீட்டுக்குக் கொடுத்த படம் ஒரே மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. வானம் இருந்த இடத்தில் ஈரத் திட்டு, ஓரத்தில் பூஞ்சை. ஃப்ரேம் கடையில் மவுண்ட் (படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி தரும் அட்டை) வைக்காமல் நேராகக் கண்ணாடியில் அழுத்தியிருந்தார்கள், நானும் பின்பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. என் செலவில் புதிதாக அடித்துக் கொடுத்தேன். இப்போது அமிலமில்லாத மவுண்ட் போர்டு கட்டாயம், மைப் பிரிண்டை ஒரு நாள் முழுக்க ஆறவிட்ட பிறகுதான் ஃப்ரேமுக்குள் போகும், சுவரில் ஈரம் இருந்தால் ஃப்ரேமுக்குப் பின்னால் நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் பட்டன் ஒட்டித் தருகிறேன், காற்றுப் போகும்.

ஃப்ரேம் விலையைத் தனியாக எழுதுங்கள். படத்தின் விலையோடு கலந்துவிட்டால் ஃப்ரேம் கடை விலையை வைத்து உங்கள் படத்தை அளப்பார்கள்.

கூரியரில் அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எடையை விட இடத்துக்குத்தான் காசு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பல கூரியர்களின் வழக்கம். 50 சென்டிமீட்டர் குழாய், 10-க்கு 10 தடிமன் என்றால் ஒரு கிலோ. 24×36 படத்தை ஃப்ரேமோடு 105×75×10 பெட்டியில் வைத்தால் 15 கிலோ 750 கிராமுக்குப் பணம் கட்டுவீர்கள், உள்ளே இருப்பது ஐந்தாறு கிலோதான் என்றாலும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டால் உடைகிற பயம் குறையும்.

குழாய் மூன்று அங்குல விட்டத்துக்குக் குறையக்கூடாது, பருத்தித் தாளை இறுக்கிச் சுருட்டினால் மேல்பரப்பு வெடிக்கும். கட்டுவதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடைந்து போனால் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுங்கள், அதற்குத்தான் பத்துக்கு ஒன்று என்று கணக்கில் வைத்தோம்.

ஹோட்டல், ஆஸ்பத்திரி மாதிரி இடங்கள் இருபது முப்பது படம் கேட்டால்?

மொத்த ஆர்டருக்குக் குறைக்கலாம், இங்கே குறைப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஒரே பேச்சு, ஒரே அச்சு, ஒரே டெலிவரி, உங்கள் நேரம் உண்மையிலேயே மிச்சமாகிறது. எவ்வளவு மிச்சமோ அவ்வளவு குறையுங்கள். எண்ணிட்ட படங்களை இதில் சேர்க்காதீர்கள். பாதிப் பணம் முன்கூட்டியே, இல்லாமல் லேபுக்குக் கோப்பு போகாது.

"ஃபைல் குடுத்துடுங்க, நாங்களே பிரிண்ட் போட்டுக்கறோம்" என்று கேட்பார்கள். அது பிரிண்ட் விற்பனை இல்லை, உரிமம். எத்தனை பிரதி, எந்தக் கட்டடம், எவ்வளவு காலம் என்று எழுதி அதற்குத் தனி விலை. மாதிரி காட்டும்போதும் 1,200 பிக்சலுக்கு மேல் அனுப்பாதீர்கள்.

கல்யாணத்தில் எடுத்த அருமையான படம், அதைப் பிரிண்ட் போட்டு விற்கலாமா?

எழுத்தில் உடன்பாடு இல்லாமல் கூடாது. நிறையப் பேர் "நான் எடுத்தது, காப்பிரைட் என்னுடையது" என்று நினைக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட் சட்டம்) 1957-இன் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். அதனால் புக்கிங் படிவத்திலேயே உரிமை யாருக்கு, கண்காட்சிக்கு வைக்கலாமா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உரிமை உங்கள் கைக்கு வந்தாலும், பெண்ணும் மாப்பிள்ளையும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுடையது, உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 வருடமும் உரிமை நிற்கும்.

தெருவில் எடுத்த மனிதர்கள், கோயில்கள்?

முகம் தெளிவாகத் தெரிந்தால் கேட்டுவிட்டு, முடிந்தால் எழுதி வாங்குங்கள். 1994-இல் நக்கீரன் ஆசிரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அனுமதியில்லாமல் விளம்பரம் போன்றவற்றுக்குப் பயன்படுத்துவது தனியுரிமை மீறல் என்று சொல்லியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நாற்று நடும் அம்மாவின் படத்தை 9,000-க்கு விற்கிறீர்கள், அது அவருக்குத் தெரியவே தெரியாது என்றால் மனசு ஒப்புமா? நான் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பேன், விற்றால் ஒரு பங்கும் கொடுப்பேன்.

கோயிலைப் பொறுத்தவரை, தெருவிலிருந்து கோபுரத்தை எடுப்பதில் சிக்கல் இல்லை. உள்ளே நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்கவே கூடாது. 2022 டிசம்பரிலிருந்து தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்கே உயர்நீதிமன்றத் தடை இருக்கிறது.

ஜிஎஸ்டி வேண்டுமா?

பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் நீங்கள் கல்யாணம் எடுக்கிறீர்கள், அது சேவை, ஆகவே இரண்டும் சேர்த்து 20 லட்சம்தான் எல்லை. பலருக்குத் தெரியாத இன்னொன்று: வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்றால் இந்த எல்லை பொருந்தாது, பெங்களூருக்கு ஒரு பிரிண்ட் விற்பதற்கும் பதிவு வேண்டும். வரி விகிதத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், மாறிக்கொண்டே இருப்பது. பதிவு எடுத்தால் பட்டியலில் வரியோடு சேர்த்த விலையையே எழுதுங்கள், கடைசியில் கூட்டினால் வாங்குபவர் முகம் மாறிவிடும்.

விலையை எப்போது ஏற்றுவது?

வருடத்துக்கு ஒரு தடவை, ஏப்ரலில். பட்டியலைப் புதிதாக அடிப்பேன், பழைய விலையில் பேசி வைத்தவர்களுக்கு மாதக் கடைசி வரை பழைய விலையே. எண்ணிட்ட படங்களுக்கு மட்டும் இடையிலும் ஏறும், பிரதிகள் குறையக் குறைய. அதையும் முதல் நாளே பட்டியலில் எழுதிவிடுவேன்: நாணல் படம் முதல் ஐந்து பிரதி 9,000, அடுத்த மூன்று 12,000, கடைசி இரண்டு 18,000. இதுவரை ஏழு போயிருக்கிறது. ஏழாவதை வாங்கியவர், படித்துறைப் படத்தில் 2,000 திரும்பப் பெற்ற அதே ஆள். விலை கேட்கவில்லை, பட்டியலைப் பார்த்துவிட்டு 12,000-ஐ எண்ணிக் கொடுத்தார்.